வார்டு குரூப்பில் இல்லாதவள்

"கவுன்சிலர்னா பெரிய மகாராணியா நீ? வெளில வாம்மா!"

இடுப்பில் காலிக் குடத்தோடு ஜெயப்ரியாவின் வாசலில் நின்று அபிதகுசாம்பாள் போட்ட சத்தம், தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த தறிகளின் சத்தத்தையும் மீறி எழுந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது நடை. முதல் இரண்டு தடவையும் வீடு பூட்டியிருந்தது. இப்போது மணி இரண்டு.

விஷயம் இதுதான். விடிந்ததும் போனைப் பார்த்தால், வார்டு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். நீக்கியது கவுன்சிலர் ஜெயப்ரியாவேதான் என்று பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். நேரம், ஐந்து இருபது.

அந்தத் தெருவுக்கு அந்த குரூப்தான் எல்லாம். தினமும் ஆறு மணிக்கு ஜெயப்ரியாவின் குரல் வந்துவிடும். தண்ணீர் எப்போது விடுவார்கள், கரண்ட் எத்தனை மணிக்குப் போகும், யார் வீட்டில் சாவு, அதற்காக எதுவரைக்கும் தறியை நிறுத்திவைக்க வேண்டும், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா என்று எல்லாவற்றையும் பேசியே அனுப்புவாள். படிக்கத் தெரியாத அபிதகுசாம்பாள் அதை இரண்டு தடவை கேட்பாள். புருஷன் போனபிறகு காலையில் வீட்டுக்குள் கேட்கிற முதல் மனிதக் குரல் அதுதான்.

இன்று நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் வந்து, நின்றும் போயிருந்தது. தெருவே பிடித்து வைத்துக்கொண்டது. அவளுக்கு மட்டும் ஒரு குடம் இல்லை.

காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன? போன ஞாயிற்றுக்கிழமை அதே குரூப்பில், "ஒரு மாசமா கால்வாயைத் தோண்டிப் போட்டுட்டு எங்கம்மா போயிட்டே?" என்று அவள் பேசி அனுப்பியதை நூற்று முப்பது பேர் கேட்டார்கள். அந்தக் கோபம்தான்.

இங்கே வரும் வழியில் தனசேகரன் வீட்டில் நுழைந்திருந்தாள். அவன் தறிக்குத்தான் அவள் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறாள்.

"உன் போனைக் குடுப்பா. குரூப்புல இன்னா ஓடிகினு இருக்குதுன்னு பாக்கறேன்."

"சார்ஜ் இல்லக்கா" என்றான் தனசேகரன், நிமிராமலே. அவன் சட்டைப் பாக்கெட்டில் போன் வெளிச்சத்தோடு 'டிங்' என்றது. காலோ நிற்காமல் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தது.

"நல்லா பயப்படு அவளுக்கு!" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஜெயப்ரியா வெளியே வந்தாள். தலைகூட வாரவில்லை.

"வாக்கா, உள்ள வா. குடத்தை வை, நான் ரொப்பித் தரேன்."

"உன் தண்ணியை நீயே வெச்சிக்க. கால்வாயைக் கேட்டேன்னுதானே என்னை எடுத்துட்டே?"

"அதுக்கு இல்லக்கா. கை தெரியாம பட்டுடுச்சி."

"நூத்தி முப்பது நம்பர்ல என் நம்பர்தான் பட்டுச்சா உன் கையில? இப்பவே சேரு."

"சாயங்காலம் சேத்துடறேங்க்கா."

"சாயங்காலமா? அதுவரைக்கும் நான் இந்தத் தெருவுல இல்லியா? எம்புள்ள அஜித்து என்னை அதுல சேத்துவுட்டுட்டு, 'இனிமே நீ தனியா இல்லம்மா'ன்னான். சாயங்காலம் அவன் ஒரகடம் கம்பெனியில இருந்து வரான். வந்து கேப்பான் பாரு உன்னை கேள்வி!"

ஜெயப்ரியாவின் போன் அடித்தது. மூலைக்குப் போய்ப் பேசினாள். "கையெழுத்தெல்லாம் போட்டாச்சா?... வண்டி எங்க வந்துகினு இருக்குது?... ஜல்தி வாணாங்க. மெதுவாவே வரட்டும்."

அபிதகுசாம்பாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நான் கத்தினதும் கால்வாய்க்கு ஜல்லி லோடு வருது! முன்னாடியே செஞ்சிருந்தா எனக்கு ஏன் தொண்டைத்தண்ணி வத்துது?"

ஜெயப்ரியா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "காலையில இருந்து எதுனா சாப்ட்டியாக்கா?"

"பச்சத்தண்ணி பல்லுல படல. உன்னால ஒரே பேஜாரு."

ஜெயப்ரியா ஓட்டல் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தாள். தயிர்சாதம்.

"ஏன், உன் வூட்டுல இன்னிக்கி அடுப்பு எரியலியா?"

"கேஸ் தீந்துடுச்சிக்கா. நீ நாலு வாய் சாப்டு. அப்புறம் என்னை எவ்ளோ வேணா திட்டு."

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். பசி கேட்கவில்லை. ஜெயப்ரியா எதிரே உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு வாயாக விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தப் போனபோது, "இன்னும் ரெண்டு வாய்க்கா, ரெண்டே வாய்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரலில் அபிதகுசாம்பாளின் கோபம் பாதி கரைந்துவிட்டது.

"எல்லாரையும் வுட்டுட்டு என்னை மட்டும் தள்ளி வெச்சா மனசு தாங்குமா, நீயே சொல்லு" என்றாள் கை கழுவியபடி.

"தாங்காதுக்கா."

மறுபடியும் போன். ஜெயப்ரியா காதில் வைத்தாள். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு கையால் அபிதகுசாம்பாளின் ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால், தினமும் காலை ஆறு மணிக்குப் பிடிப்பதுபோலவே, போனை வாயருகே பிடித்து குரூப்புக்குப் பேசினாள்.

"எல்லாரும் தறியை நிறுத்திடுங்க... அஜித்து வந்துட்டான்."