பெயர் எழுதாத பெட்டி

அப்பன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்க, மகன் பெட்டி செய்து வைத்துவிட்டான்!

கடையின் பின்கட்டில், பலகை அடுக்குக்குப் பின்னால், பழைய போர்வை போட்டு மூடியிருந்த அந்தத் தேக்குப் பெட்டியைப் பார்த்ததும் அமலநாதன் போர்வையை விலக்கினார். எதையோ தேடி உள்ளே வந்தவர், எதைத் தேடினோம் என்பதையே மறந்துவிட்டார்.

முத்தியால்பேட்டையில் சவப்பெட்டி என்றால் அமலநாதன் கடைதான். பிளைவுட் பெட்டி எப்போதும் பத்துப் பன்னிரண்டு தயாராக நிற்கும். தேக்கு மட்டும் ஆர்டர் வந்த பிறகுதான். மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் ஆள் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்ற பலகையையே அறுப்பார்கள். இந்த மூடியில் பெயர் இல்லை.

டேப்பை எடுத்து அளந்தார். ஐந்தடி ஏழு அங்குல ஆளுக்கான நீளம். அவர் உயரமும் அதேதான். தோள்பட்டை இடத்தில் அகலம் பத்தொன்பது அங்குலம்.

"இதுல கூட கட்டைய மிச்சம் புடிச்சிருக்கான் பாரு" என்று பல்லைக் கடித்தார்.

முப்பது வருஷமாக அங்கே தச்சு வேலை பார்க்கும் கன்னியப்பனைக் கூப்பிட்டார். "இது யாருக்குய்யா?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "தெரியல மொதலாளி. தம்பிதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து தனியா செஞ்சுது. ஒரு கை புடிக்கிறேன்னேன், தொட வுடல. உங்க காதுல போடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிச்சு."

அமலநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி வேலையைக் கூலி ஆளிடம் விடமாட்டார்கள். வீட்டு ஆள்தான் தன் கையால் செய்யவேண்டும். அவர் தன் அப்பாவுக்குச் செய்தார். எட்டு வருஷத்துக்கு முன் மனைவிக்கும் செய்தார். அன்றைக்கு இழைப்புளியைப் பிடித்தபடி அவர் போட்ட அலறல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அவருக்குச் செய்யவேண்டியவன் மகன் பிரூனோ. போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோதே பையன் முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. மூன்று மாதம் முன்பு, கடை லைசென்சைத் தன் மனைவி மெரின் பெயருக்கு மாற்றவேண்டும் என்று பிரூனோ கையெழுத்துக் கேட்டான். இவரும் படித்துப் பார்க்காமல் போட்டார். ஃப்ரீசர் பெட்டி வாடகை, அமரர் ஊர்தி, பாரீசிலிருந்து போன் போட்டு ஆர்டர் சொல்லும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டு ஆட்கள் எல்லாவற்றையும் இப்போது மெரின்தான் பார்க்கிறாள். வியாழக்கிழமை ஆனால் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் போகிறேன் என்று பிரூனோ காலையிலேயே கிளம்பி, இருட்டிய பிறகு துவண்டுபோய்த் திரும்புகிறான். அங்கே தனியாக ஒரு பட்டறையே போட்டிருப்பான், யார் கண்டது!

ரத்தத்தை வேர்வையாக்கி வளர்த்த தொழில். நாலு ஊருக்குப் பேர் போன கடை. கடையையே கொடு என்று கேட்டிருந்தாலும் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்திருப்பார். சாகட்டும் என்றல்லவா காத்திருக்கிறான்!

பதினோரு மணிக்கு பிரூனோ உள்ளே வந்தான். உயரத்தில் அப்பனை உரித்து வைத்தவன், அலைந்து அலைந்து உடம்பு பாதியாகியிருந்தது. விலகிக் கிடந்த போர்வையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"பொட்டி செஞ்சி வச்சிட்டியே, நான் எப்ப சாவணும்னு தேதியும் குறிச்சிட்டியா?" என்றார் அமலநாதன்.

"அப்பா, கத்தாதீங்க. உங்க ஒடம்புக்கு ஆவாது."

"என் ஒடம்பப் பத்தி உனக்கென்னடா? கடைய பொண்டாட்டி பேருக்கு மாத்திட்ட. பொட்டியும் ரெடி. நான் போய்ப் படுக்கறதுதான் பாக்கி!"

சத்தம் கேட்டு முன்பக்கத்திலிருந்து மெரின் ஓடி வந்தாள். "மாமா, வேணாம் மாமா…" என்றவள் மேலே பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ நடிக்காதம்மா!" என்று அவள் மேல் எரிந்து விழுந்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "உங்கம்மா பொட்டிய நான் எப்படி செஞ்சேன்னு பக்கத்துலயே நின்னு பாத்தவன்தானடா நீ? ஆள் போன பொறவு செய்யற வேலைடா அது!"

"பாத்தேன்பா. அதனாலதான் முன்னாடியே செஞ்சேன்."

"என்னடா சொல்ற?"

"அந்தக் கஷ்டத்த நீங்க இன்னொரு வாட்டி படக்கூடாதுன்னுதான்."

அமலநாதனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிரூனோ அவர் கையிலிருந்த டேப்பை மெதுவாக வாங்கினான். அப்பாவின் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு இழுத்துப் பிடித்து, அளவை அவர் கண்ணுக்கு நேரே காட்டினான். இருபத்திரண்டு.

"பத்தொம்போதுல நீங்க எப்படிப்பா படுப்பீங்க? அது என் அளவு."