உண்மை நகல்

“நகல் எப்படிப்பா உண்மையாகும்?” என் மேசையிலிருந்த முத்திரையைப் படித்துவிட்டு மகள் ஒருமுறை கேட்டாள். உள்ளதை உள்ளபடி எழுதினால் ஆகும் என்றேன். ‘உண்மை’யே ‘உள்’ என்பதிலிருந்து பிறந்த சொல்தானே. மூலத்தில் பிழை இருந்தால் பிழையையும் எழுதுவதே எங்கள் பதிவு அலுவலக நகல் பிரிவின் வழக்கம்.

இன்று ஓர் உயில் வந்தது. தாள் நைந்துவிட்டது, இனி நகல்தான் பேசும். ‘பின்கட்டு அறை, சமையல் செய்யும் மாடத்திக்கு ஆயுள்வரை’ என்றது ஒரு வரி. மாடத்தியை வெளியேற்றத் துடித்த, உயில் எழுதியவரின் பேரன் என் பக்கம் குனிந்தார்.

“அந்த வரி அழிஞ்சிருச்சுன்னு விட்டுருங்க சார்.”

“எனக்குத் தெரியுதே.”

“கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரும்வே,” என்று மேலாளர் சிரித்தார். “இல்லன்னா மலைக்கு மாத்திருவேன், தேவசகாயம்.”

“போறேன் சார். இத எழுதிட்டுப் போறேன்.”

எல்லோரும் சாப்பிடப் போனபின் எழுதி முடித்து முத்திரை குத்தினேன். பள்ளிப் பையனாக மழைக்கு ஒதுங்கிய எனக்கு அந்த அறையில் சோறு போட்டதை மாடத்தியம்மாள் மறந்திருப்பார். அவருக்காக நான் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவில்லை.