அரண்மனைச் சமையல்காரி

"அரண்மனைச் சமையல்காரி அடுப்பு அணைஞ்சுதான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறா பாருங்க, அப்படியே உயிரோட இருக்கு! இன்னும் ரெண்டு அத்தியாயம் எழுதுங்க" என்று பதிப்பாளர் போனை வைத்தார்.

நாவலாசிரியை மியோங்-ஹீக்கு நெஞ்சு குறுகுறுத்தது. மதியம் முழுக்க உட்கார்ந்தும் அடுத்த வரி வரவில்லை.

மாலையில் தங்கை சோ-ரானோடு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். கதவைப் பூட்டிய சோ-ரான் குழந்தைபோலத் துள்ளினாள்.

"அக்கா, இந்த வாரம் பூட்டினப்புறம் சரிபார்க்க ஒருதடவைகூட நான் உள்ளே திரும்பிப் போகல. குணமாயிட்டேன்னு டாக்டரே சொல்லிட்டார்!"

லிஃப்ட் வந்தது. மியோங்-ஹீ உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"கேஸ் வால்வை மூடினியா?"

சோ-ரானின் முகம் வெளுத்தது. சாவியை மறுபடி எடுத்தாள்.

"கதை நின்னுபோனாத்தானேக்கா இதைக் கேப்பே? இரு, போய்ப் பார்த்துட்டு வர்றேன். நீ எழுதிக்கோ."