ஓடாத ஒஸ்டின்

"பழசை அப்படியே வெச்சிருக்கணும்னு கொழும்புல இருந்துக்கிட்டு லேசாச் சொல்லலாம்டா. கொட்டகை ஒழுகுறப்போ வாளி வெக்கிறது நாந்தானே!" என்றார் ஜெயராசா.

தம்பி சதீசன் அசரவில்லை.

"அண்ணே, வாளி வெச்சதுக்கு ரொம்ப நன்றி. ஆனா கார்ல மட்டும் கை வெச்சிராதீங்க. அம்பத்தொண்ணாம் வருஷத்து ஒஸ்டின். அந்தப் பெயிண்ட் இங்கிலாந்துல அடிச்சது."

"பெயிண்ட் எங்கடா இருக்கு? துருதான் இருக்கு."

"அது துரு இல்லண்ணே. வரலாறு."

"அப்போ நம்ம கடை ஷட்டருக்கு அரசாங்கம் காவல் போடணும். பூரா வரலாறு."

பதுளை பஜாரில் புடவைக்கடை நடத்திய முத்தையாபிள்ளை இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடை மூத்தவருக்கு, கொழும்பு வீடு இளையவருக்கு என்று எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. மிஞ்சியது கொட்டகையில் நின்ற இந்தக் கார்தான். அதையும் பாதிப்பாதியாகப் பிரிக்கலாம் என்றால், எந்த இடத்தில் வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெயராசாவுக்கு அவசரம். அடுத்த மாதம் பண்டாரவளையில் மகள் கம்சலாவுக்குக் கல்யாணம். பெண் தாத்தாவின் காரில்தான் வந்து இறங்குவாள் என்று சம்பந்தி வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். புதுப் பெயிண்ட், புது சீட், எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஒரு சுற்று ஓட்டம் என்று அவர் மனதில் கார் ஏற்கெனவே பாதி வழி போயிருந்தது.

சதீசன் கொழும்பில் பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தில் உறுப்பினர். அவரிடம் பழைய கார் இல்லை என்பது ஒன்றுதான் குறை. சங்கத்துக்காரர்கள் வந்து பார்க்கும்போது காரில் ஒரு கீறல்கூடக் குறையக் கூடாது என்பது அவர் கட்சி.

கார் அம்மா ராமலட்சுமியின் பெயருக்கு மாறியிருந்தது. அம்மா சொல்வதே முடிவு என்று பிள்ளைகள் இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தன் பக்கம்தான் சொல்வார் என்று இருவருமே நம்பியதில் வந்த ஒற்றுமை அது.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மா. "ஒங்கப்பா மாதிரி நானே தொடச்சு வெச்சுக்கிறேன். யாரும் பொனட்டைத் தொறக்க வேணாம்."

"அம்மா, பேத்தி கல்யாணம்மா! சம்பந்திக்கு என்ன பதில் சொல்றது?"

"வேன் புடி."

"வேன்ல வந்து எறங்க அவ என்ன லீக்ஸ் மூட்டையா? றினாஸை வரச் சொல்லிட்டேன். பொனட்டைத் தொறந்து பாத்து அவரே சொல்லட்டும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "யாரைக் கேட்டு வரச் சொன்ன?" என்று அவர் கேட்பதற்குள் றினாஸ் வாசலில் நின்றார்.

றினாஸ் முத்தையாபிள்ளையின் ஆஸ்தான மெக்கானிக். பன்னிரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை வந்து, பொனட்டுக்குள் தலையை விட்டு, "ஒரு பார்ட் இங்கிலாந்துலருந்து வரணும் மொதலாளி" என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போவார். இங்கிலாந்து அவ்வளவு தூரம்.

"சொல்லுங்க றினாஸ் அண்ணே. ஒரு மாசத்துல இதை ஓட வெக்க முடியுமா, முடியாதா?"

றினாஸ் காரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பொனட் பக்கம் மட்டும் போகவில்லை.

"தொடாதீங்க சின்ன மொதலாளி. இது இருக்கிற மாதிரியே இருந்தாத்தான் அழகு."

சதீசன் கை தட்டினார். "கேட்டீங்களாண்ணே! தொழில் தெரிஞ்சவர் பேச்சு!"

"வேலை வேணாம்னு சொல்ற மெக்கானிக்கை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஜெயராசா. "நாளைக்கு டொக்டரும் ஊசி வேணாம்பாரு. சரி, வேன்காரனுக்கே பேசுறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார். சங்கத்துக்கு நல்ல சேதி சொல்ல சிக்னல் தேடி சதீசன் ரோட்டுக்குப் போனார்.

இருவரும் மறைந்த பிறகுதான் அம்மா மூச்சு விட்டார்.

"நல்ல நேரம் தம்பி. தொறந்திருந்தா என் மானம் போயிருக்கும். அந்த எஞ்சின் இப்ப எங்க இருக்கு?"

"வெலிமடையில ஒரு கெழங்குத் தோட்டத்துல தண்ணி எறைக்குதும்மா. சொகமா இருக்கு."

"என்னைய வேற என்ன செய்யச் சொல்றீங்க? கண்ணு மங்கின பொறகும் நாந்தான் ஓட்டுவேன்னு நின்னாரு. ஹாலிஎல வளைவுல காரைத் தேயிலைக்குள்ள எறக்கிட்டு, தேயிலைதான் ரோட்டுக்கு வந்துச்சுன்னாரு. அதான் அவரு கதிர்காமம் போயிருந்த நேரம் பாத்து ஒங்ககிட்ட ஓடி வந்தேன்." அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "சாகுற வரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாது. பன்னெண்டு வருஷம் ஏமாத்திட்டேன்."

றினாஸ் பொனட்டின் மேல் கையை வைத்தார்.

"இனி சொன்னாத் தப்பில்லம்மா. நீங்க வந்ததுக்கு மொத நாளே மொதலாளி கராஜுக்கு வந்துட்டாரு. 'கண்ணு தெரியல றினாஸ், ஓட்டப் பயமா இருக்கு. அவகிட்ட சொன்னா ஆயுசுக்கும் சிரிப்பா. நான் கதிர்காமம் போயிட்டு வர்றதுக்குள்ள எஞ்சினைக் கழட்டிரு'ன்னாரு."