நடுத்தர அகலம்

"அண்ணே, பனிமலையில கால்ல மாட்டிச் சறுக்குற ஸ்கீ பலகை வரவழைச்சுத் தர முடியுமா?" என்று நெரவியிலிருந்து போனில் கேட்டாள் சுகிர்தா.

காரைக்காலில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முருகானந்தம், டெல்லி வியாபாரியிடம் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"இறுகுன பனிக்கு ஒடுக்கமானது, புதுசா விழுந்த பனிக்கு அகலமானதாம். எதும்மா வேணும்?"

"எனக்கு ஒடுக்கம்" என்றாள் சுகிர்தா.

"எனக்கு அகலம்" என்று கூடவே கேட்டது அவள் தோழி முத்தமிழின் குரல்.

"அப்ப ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்குங்க."

இருவரும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் சுகிர்தா சொன்னாள். "வேணாம்ண்ணே. எந்தப் பனிக்கும் ஒத்துவர்ற மாதிரி நடுத்தர அகலத்துல ஒரே ஜோடி போதும்."

பார்சல் வந்ததும் அவரே நெரவிக்குக் கொண்டுபோனார்.

"ஒரே ஜோடிய ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டா எப்பம்மா பழகுறது?" என்றபடி பார்சலை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

கதவைத் திறந்த இருவரும் ஊன்றுகோல்களில் நின்றார்கள். இருவருக்குமே ஒரு கால்தான் இருந்தது.

பார்சலைப் பிரித்து ஆளுக்கு ஒரு ஸ்கீயை எடுத்துக்கொண்டார்கள்.

"அடுத்த மாசம் காஷ்மீர்ல பயிற்சிண்ணே" என்றாள் சுகிர்தா.

முருகானந்தம் பிரமிப்போடு கேட்டார். "மலையிலேர்ந்து யாரும்மா மொதல்ல எறங்குவீங்க?"

"நான்தான்!" என்றார்கள் இருவரும்.