தொழில் செலவு

"ஏங்க, டிசைன் சாஃப்ட்வேருக்கு மாசாமாசம் பணம் கட்டறீங்களே, அது முழுக்கத் தொழிலுக்குத்தானே?"

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசை முழுக்க ரசீதுகள். புத்தகங்களுக்கு அட்டை வடிவமைக்கும் அவனுக்கு, கல்யாணமான வருடத்திலிருந்து மனைவிதான் வரிப் படிவம் நிரப்பித் தருகிறாள்.

அவன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்க நேரம் எடுத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் அதைச் சேர்க்க வேண்டாமே."

இருப்பதிலேயே பெரிய செலவு அதுதான், கழித்தால் கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பி வரும், மகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டிவிடலாம் என்றாள் அவள். மகள் இப்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். அது அவனுக்கும் தெரியும்.

"கேள்வி கேட்பாங்க."

"கேட்டா பதில் சொல்லுங்க. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்."

அவன் தினமும் ஒன்பது மணிக்கு மடிக்கணினிப் பையோடு நண்பன் சும்மா கொடுத்த அறைக்குக் கிளம்புகிறவன். இருட்டிய பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு வருவான். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. தொழில் எப்படி என்று கேட்டால், கொஞ்ச நாளாக ஒரே பதில்தான்: "ஏதோ வண்டி ஓடுது."

அவளும் துருவிக் கேட்டதில்லை. போன மாதம் அவள் மழையில் தொப்பலாக நனைந்து வந்தபோது, டாக்சி பிடித்திருக்கலாமே என்று அவன் கடிந்துகொண்டான். கூட வேலை பார்க்கும் அக்கா போனில் புக் செய்த டாக்சியில் இடம் இருந்தது, ஏறத் தோன்றவில்லை, பஸ்ஸில் வந்துவிட்டேன் என்று சொல்லித் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடணும்ல? பொய்க்குக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல" என்றான் கடைசியில், மேசையைப் பார்த்தபடி.

"யாரு பொய் எழுதச் சொன்னா?"

அவள் பேனாவை எடுத்தாள். பன்னிரண்டு மாதம் என்று எழுத வேண்டிய கட்டத்தில் நான்கு என்று எழுதினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மீதி எட்டு மாசம் ஒரு அட்டைக்கும் நீங்க பில் போடல, அது உங்க ஆசைக்குக் கட்டினது. அது கணக்குல வராது. ஆனா நிறுத்திடாதீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தாள்.

"மழையன்னிக்கு அக்கா போன்ல டிரைவர்னு உங்க போட்டோதான் வந்துச்சு. ஏதோ வண்டி ஓடுதுன்னீங்களே, அந்த வண்டியோட பெட்ரோல் ரசீதையும் எடுங்க, அதுவும் தொழில் செலவுதான்."