பொதுவா எழுதுங்கண்ணே

“உன் வண்டிய எடுக்காம ஓயமாட்டேன், பார்த்துக்க,” என்றார் பத்ரிநாத்.

வண்டியூர்ப் பக்கம் எங்கள் தெருச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் வீட்டு வாசலை ஒட்டி, மழைத்தண்ணி வாய்க்கால் மூடியின் மேல் பணியார வண்டியை நிறுத்தியிருந்தாள் சோணையம்மாள்.

“நான் என்னண்ணே செஞ்சேன்?”

“போன ஐப்பசியில உங்க கீழத்தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சா இல்லையா? வாய்க்கால இப்படி அடைச்சா நிக்காம என்ன செய்யும்?”

வண்டி வந்ததே இந்த ஆவணியில்தான். அதை யார் கேட்டா? அடுப்புப் புகை ஹாலுக்குள் போகிறது, அதுதான் அவருடைய அசல் எரிச்சல்.

“நெசந்தாண்ணே. புள்ளையத் தூக்கிப் பரண்ல வச்சுக்கிட்டு விடியவிடிய அழுதேன். இந்த வருசமும் வந்துருமோன்னு ஈரக்குலையெல்லாம் நடுங்குது.”

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி மாநகராட்சிக்கு மனு எழுதினோம். சோணையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

“என் பேரப் போடாதீங்கண்ணே. பொம்பளப் பேரு ஆபீசுல அடிபட வேணாம். வாய்க்கா மேல இருக்குற எல்லாத்தையும் எடுக்கணும்னு பொதுவா எழுதுங்க.”

பத்ரிநாத்துக்கே மனசு இளகிவிட்டது. “பாவம்யா,” என்று அப்படியே எழுதினார். எஸ்.டி.டி. பூத் பீமாராவ், ரிட்டயர்டு தாசில்தார், நான் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம்.

அம்புட்டுப் பேரும் பெரிய ஆளுங்க இல்லையா, பத்தாம் நாளே பொக்லைன் வந்து நின்றது.

சோணையம்மாள் ஒரே தள்ளு. வண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது.

“அம்புட்டுத்தான் சார், கிளம்புங்க,” என்றார் பத்ரிநாத்.

கூட வந்திருந்த மாநகராட்சி எஞ்சினியர் மனுவை இன்னொரு தரம் படித்தார்.

“எல்லாத்தையும்னு எழுதியிருக்கீங்களே சார்.”

முதலில் போனது பத்ரிநாத்தின் கிரானைட் படி. அடுத்தது தாசில்தார் கார் ஏற்றுகிற சரிவு. மூன்றாவது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வீட்டு மாடிப்படி. அடியில் முழங்கால் உயரத்துக்கு மண்ணும் பாலிதீன் பையும். அள்ளி முடிக்கச் சாயங்காலம் ஆனது.

இறங்க வழியில்லாமல் வாசலில் நின்றபடி பத்ரிநாத் பொருமினார். “எல்லாம் உன்னாலதான். இம்புட்டு எடம் கிடக்கு, எங்க வாசல்லதான் வந்து வண்டியப் போடணுமா?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆறு வருசமா நானும் இதே மனுவக் குடுத்துப் பார்த்தேன், ஒருத்தரும் சீண்டல. பெரிய மனுசங்க கையெழுத்து வேணும்னாங்க. அத வாங்கத்தான் வண்டிய உங்க வாசல்ல கொண்டாந்து போட்டேன்.”